பெயர்ந்து விழும் காரைக்கு யார் பொறுப்பு?

மழை பிடித்துவிட்டால் போதும், தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து ஒரே மாதிரியான புகார்கள் கிளம்பிவிடுகின்றன. இரண்டாவது ஷிப்டு முடிந்து நடுநிசியில் வீடு திரும்பும் தொழிலாளி, கூரைக் காரை பெயர்ந்து தொட்டிலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடப்பதைப் பார்க்கிறார். அரிசி மூட்டை நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது. தவணையில் வாங்கிய தையல் மிஷினில் தண்ணீர் இறங்கிவிட்டது. மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுவசதிச் சங்க ஆபீசுக்குப் போகிறார். அங்கே என்ன பதில் கிடைக்கிறது?

“மேல் வீட்டுக்காரன் குழாயை ஒழுங்காக மூடியிருக்க மாட்டான், அவனைப் போய்க் கேள்” என்கிறார் செயலாளர். அவன் நல்லவன், குழாய் நன்றாகத்தான் இருக்கிறது என்றால், “உன் பெயரில் ஆறு மாதப் பராமரிப்புப் பணம் பாக்கி நிற்கிறதே” என்று லெட்ஜரைப் புரட்டுகிறார். பாக்கியும் இல்லை என்று தெரிந்துவிட்டால், “சங்கத்தில் ஏது பணம்? மழை நிற்கட்டும், பார்க்கலாம்” என்று முடித்துவிடுகிறார். மழை நிற்கிறது. வெயில் வருகிறது. சுவர் காய்கிறது, புகாரும் காய்ந்துபோகிறது. அடுத்த ஐப்பசியில் இன்னும் ஒரு கூடை காரை விழுகிறது.

நாம் திட்டவட்டமாகச் சொல்கிறோம்: இந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்பது தர்மம் கேட்பதல்ல. குடியிருப்பவர் கொடுத்த பங்குத்தொகையும் மாதாமாதம் கட்டிய பராமரிப்புப் பணமும் நிர்வாகத்தின் மீது ஒரு கடமையைச் சுமத்தியிருக்கின்றன. அந்தக் கடமை தவறியதால் ஏற்பட்ட சேதத்தை நிர்வாகமே தீர்க்க வேண்டும். இதை மறைக்கத்தான் கீழ் வீட்டுக்காரனை மேல் வீட்டுக்காரன் மீது ஏவிவிடுகிறார்கள். ஒரே மில்லில், ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிற இரண்டு பேர் ஒரு குழாய்க்காகப் பேச்சுவார்த்தையில்லாமல் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நிர்வாகம் நிம்மதியாக இருக்கும்.

காரை ஏன் விழுகிறது? இதைத் தொழிலாளி தெரிந்துகொள்வது அவசியம். காங்கிரீட் தளத்துக்குள் கம்பி இருக்கிறது. மொட்டை மாடியில் தட்டோடு பிளந்து, சுர்க்கி தேய்ந்து, மழைநீர்க் குழாய் இலைதழை அடைத்து நின்றால் தண்ணீர் தளத்துக்குள் இறங்குகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கிறது. உள்ளே இடம் கிடைக்காத துரு, அடியிலிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. முதலில் மயிரிழை போன்ற வெடிப்பு. பிறகு பழுப்பு நிறக் கறை. பிறகு தட்டினால் ‘டொப்’ என்ற ஓசை. கடைசியில் காரை விழுகிறது. ஆக, இது ஓர் இரவில் நடக்கிற காரியமல்ல. பல வருஷங்கள் எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் விழுகிறது. பேரிங்குக்கு எண்ணெய் விடாமல் ஓட்டிவிட்டு, மிஷின் நின்றதும் ‘தொழிலாளி சரியாகப் பார்க்கவில்லை’ என்று மெமோ கொடுக்கும் மில் மானேஜரை நமக்குத் தெரியும். வீட்டுவசதிச் சங்க நிர்வாகமும் அதே ஜாதிதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய இன்ஜினியர் வேண்டியதில்லை. மழை பெய்யும்போது மட்டும் ஒழுகினால் மாடியையும் வெளிச்சுவரையும் பார்க்க வேண்டும். கோடையிலும் ஈரம் காயாவிட்டால் குழாயோ கழிப்பறைத் தளமோ காரணம். மேல் வீட்டுக் குளியலறையில் கொஞ்சம் சாயப்பொடி கரைத்து ஊற்றினால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ கீழே நிறம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். சாயப்பட்டறைத் தொழிலாளர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா! இந்தச் சோதனையை மேல் வீட்டாரும் கீழ் வீட்டாரும் சேர்ந்து நின்று செய்ய வேண்டும். மொட்டை மாடி, வெளிச்சுவர், தூண், தண்ணீர்த் தொட்டி, எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இறங்கும் குழாய்கள் ஆகியவற்றில் கோளாறு என்றால் அது நிர்வாகத்தின் பொறுப்பு. மேல் வீட்டுக்காரர் தம் வீட்டுக்குள் தாமாகத் தரையை உடைத்துக் குழாய் மாற்றி, அதனால் ஒழுகினால் அவர் பொறுப்பு. இதில் நாம் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்க வேண்டும். தோழன் என்பதற்காக அவர் செய்த சேதத்தைச் சங்கத்தின் தலையில் கட்டக்கூடாது.

சர்க்கார் கட்டிய வீடுகளின் கதை என்ன? சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் சுவர்ப் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததை நாடே பார்த்தது. ஜனங்கள் சத்தம் போட்ட பிறகுதான் சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து சோதித்தார்கள். பூச்சு தரமாக இல்லை என்று அறிக்கை வந்தது. இன்ஜினியர்கள் இருவர் தற்காலிக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 27-ம் தேதி திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் முன்பு கட்டிய பிளாக் ஒன்று, 24 வீடுகளோடு இடிந்து தரைமட்டமாயிற்று. ஓர் உயிர் போகவில்லை. காரணம், வெடிப்பைக் கண்டவுடன் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். சட்டிபானை, சான்றிதழ்கள், சேமித்த நகைநட்டு எல்லாம் மண்ணுக்கடியில் போயின. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக சர்க்கார் அறிவித்தது. ஒரு லட்சம் எந்தக் கணக்கில் வந்தது? யாருடைய வீட்டில் என்ன இருந்தது என்று எண்ணிப் பார்த்தா? இல்லை. எல்லோருக்கும் ஒரே தொகை என்பது நஷ்டஈடு அல்ல, நிவாரணம். நஷ்டத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தால்தான் அது ஈடு.

இடிவது பொருளோடு நிற்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019 டிசம்பர் 2-ம் தேதி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில், ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, கீழே குடியிருந்த தலித் மக்களின் ஓட்டு வீடுகள் மீது விழுந்தது. 17 பேர் மாண்டார்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டதாக ஊர் மக்கள் கதறினார்கள். வாயால் சொன்ன முறையீடு காற்றோடு போய்விடுகிறது. எழுத்தில், தேதியோடு, பெற்றுக்கொண்ட முத்திரையோடு இருக்கும் முறையீடுதான் பிறகு பேசும்.

ஆகவே, புகாரை எழுத்தில் கொடுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புங்கள். விழுந்த காரையைக் கூட்டித் தள்ளுவதற்கு முன் படம் எடுங்கள். கைபேசி இல்லாத வீடு இன்று அபூர்வம். கெட்டுப்போன பொருள் ஒவ்வொன்றையும் விலையோடு எழுதுங்கள். கொத்தனார் ஒருவரை அழைத்துப் பழுதுபார்க்க ஆகும் செலவை எழுதி வாங்குங்கள். ஒரு வீட்டுக்காரர் மட்டும் இதைச் செய்தால் அவர் ‘தகராறுக்காரர்’. ஒரு பிளாக்கில் உள்ள அத்தனை வீட்டாரும் ஒரே நாளில் தத்தம் மனுவோடு போனால் அப்போது பேச்சு வேறு. கூடவே தாய்மார்கள் போக வேண்டும். ஒழுகும் கூரைக்கடியில் பகல் முழுவதும் சட்டி வைத்துத் தண்ணீர் பிடிப்பவர்கள் அவர்கள்தான். எந்த மூலையில் எந்த மாதத்திலிருந்து ஈரம் என்பது அவர்களுக்குத்தான் நெட்டுரு.

பராமரிப்புப் பணத்தை நிறுத்திவிட்டால் நிர்வாகம் வழிக்கு வரும் என்று சில இளம் தோழர்கள் சொல்கிறார்கள். அந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் யோசனை தவறு. பணத்தை நிறுத்தினால் தண்ணீர் மோட்டாருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும்தான் முதலில் பணம் நிற்கும். நிர்வாகியின் வீட்டில் அடுப்பு அணையாது. ‘பாக்கிக்காரன்’ என்ற பட்டமும் நமக்கு வந்து சேரும். ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிப் பணத்தைக் கட்டி ரசீது வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அதே சமயத்தில், பாக்கி இருப்பவர் புகார் கொடுக்கக்கூடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பாக்கி ஒரு கணக்கு, சேதம் வேறு கணக்கு. பாக்கி உள்ளவன் தலையில் கூரை விழலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இனி, எல்லோரும் பேசத் தயங்குகிற விஷயத்துக்கு வருவோம். கூட்டுறவுச் சங்கம் நஷ்டஈடு கொடுத்தால் அது யார் பணம்? உறுப்பினர் பணம். பத்து வீட்டுக்குக் கூரை ஒழுகியதற்கு மீதித் தொண்ணூறு வீட்டார் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி பொதுக்குழுவில் கிளம்பும். நிர்வாகமே அதைக் கிளப்பிவிடும். ‘பார், இவர்கள் உங்கள் பணத்தைக் கேட்கிறார்கள்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும். இதற்கு நேரான பதில் இருக்கிறது. மேல் மாடி வீட்டுக் கூரை எல்லா வீடுகளுக்கும் கூரை. அது போனால் கீழே உள்ள அடுக்குகளும் போகும். ஆகவே பழுதுபார்க்கும் செலவு எல்லோருடையதும்தான். ஆனால் வருஷக்கணக்கில் கொடுத்த மனுக்களை மேஜைக்கடியில் போட்டு, பராமரிப்பு நிதியை வேறு எதற்கோ செலவழித்து, வேண்டிய காண்டிராக்டருக்கு மட்டமான வேலைக்குப் பில் பாஸ் செய்த நிர்வாகி இருக்கிறாரே, அவரால் விளைந்த சேதத்தை ஏன் உறுப்பினர் சுமக்க வேண்டும்? தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983, இதற்கு இடம் வைத்திருக்கிறது. அதன் 87-ம் பிரிவின்படி, நம்பிக்கை மோசத்தாலோ வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தாலோ சங்கத்துக்கு நஷ்டம் உண்டாக்கிய நிர்வாகியிடமிருந்தே அந்தத் தொகையை வசூலிக்க உத்தரவிடலாம். லட்சுமணபுரி என்று நம் பெரியவர்கள் சொல்லும் லக்னோ நகரின் வளர்ச்சிக் குழும வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1993-லேயே இதே நியாயத்தைச் சொன்னது: வீடு கட்டிக் கொடுக்கும் பொது அமைப்பும் நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது; நஷ்டஈட்டை ஜனங்களின் பணத்திலிருந்து கொடுத்துவிட்டு அதிகாரி கையை வீசிக்கொண்டு போகக்கூடாது, பொறுப்பானவரிடமிருந்து வசூலிக்க வேண்டும். நம் கோரிக்கை மனுவில் ‘நஷ்டஈடு வேண்டும்’ என்பதோடு ‘அதை யாரிடமிருந்து வசூலிக்க வேண்டும்’ என்பதும் இருந்தால்தான் மீதித் தொண்ணூறு வீட்டாரும் நம் பக்கம் நிற்பார்கள்.

நிர்வாகம் மசியாவிட்டால் எங்கே போவது? மேற்படி சட்டத்தின் 90-ம் பிரிவுப்படி, சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலான தகராறைப் பதிவாளரிடம் கொண்டுபோகலாம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு மனுச் செய்தால், 81-ம் பிரிவின் கீழ் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். இந்த மூன்றில் ஒரு பங்கைத் திரட்டுவதுதான் நம் வேலை. பல சங்கங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 2023-ல் முடிந்து, தனி அலுவலர் பொறுப்பேற்றார். தனி அலுவலர் இருந்தால் பொதுக்குழு வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தேர்தல் நடத்து என்று கோருவதும் நஷ்டஈட்டுக் கோரிக்கையின் ஒரு பகுதிதான்.

“இது கூட்டுறவுச் சங்க விவகாரம், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது” என்று சில வக்கீல்களும் சொல்வதுண்டு. தவறு. தமிழ்நாட்டில் திருமுருகன் கூட்டுறவு விவசாயக் கடன் சங்கத்தில் நெல் மூட்டைகளை அடகு வைத்துக் கடன் வாங்கிய உறுப்பினர்கள், நெல்லைத் திருப்பிக் கேட்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். 90-ம் பிரிவு இருக்கிறது, இங்கே வரக்கூடாது என்று சங்கம் வாதாடியது. சுப்ரீம் கோர்ட்டு 2003 டிசம்பரில் அந்த வாதத்தைத் தள்ளியது. கூட்டுறவுச் சட்டம் இருந்தாலும் உறுப்பினர் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று தீர்ப்பளித்தது. விவசாயிகள் நெல்லுக்காகப் பெற்றுத்தந்த தீர்ப்பு இன்று மில் தொழிலாளியின் கூரைக்கும் பயன்படுகிறது. 2019-ம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தான் குடியிருக்கும் ஜில்லாவிலேயே மனுப்போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் சேதம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று நிர்வாகம் இழுத்தடிப்பதில் இந்தக் கெடுவும் கரைந்துபோகிறது என்பதை மறக்கக்கூடாது.

கட்டடம் புதிதாக இருந்து, 2016-ம் வருஷத்திய ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் வருமானால், வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் வெளிப்படும் கட்டுமானக் குறையைக் கட்டிக் கொடுத்தவரே தம் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். கணக்கு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. கூட்டுறவுச் சங்கம் பொதுவாகத் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் நேராக வராது என்று 2013-ல் கேரளா வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் பதிவாளர் ஆபீஸ் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. தணிக்கை அறிக்கை அங்கே போகிறது. அங்கே கேளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில குடியிருப்புச் சங்கங்களின் நாற்காலியில் இருப்பவர்கள் மில் முதலாளிகள் அல்ல. நேற்று வரை நம்மோடு கேட் மீட்டிங்கில் நின்றவர்கள். நாற்காலி கிடைத்ததும் குரல் மாறிவிடுகிறது. மனுக் கொண்டுவரும் தொழிலாளியை நிற்க வைத்துப் பேசுகிறார்கள். மில்லில் மெடிக்கல் லீவுக்காக மானேஜர் அறைக்கு வெளியே காத்து நின்றது அவர்களுக்கு மறந்துவிட்டதா? தொழிற்சங்கத் தலைவர் என்பதற்காக அவரைக் கேள்வி கேட்கத் தொழிலாளி தயங்க வேண்டியதில்லை.

தொழிலாளர் கையில் வீட்டுவசதிச் சங்கம் இருந்தால் எவ்வளவு பெரிய காரியமும் ஆகும் என்பதற்கு சோலாப்பூர் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் அந்த மில் நகரத்தில், செங்கொடியின் கீழ் திரண்ட பீடித் தொழிலாளிப் பெண்கள், கோதாவரி பருலேகர் பெயரால் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கும்பாரியில் 10,000 வீடுகளைக் கட்டினார்கள். 2006-ல் அவை திறக்கப்பட்டன. கட்டும்போது காட்டிய ஒற்றுமை, கட்டிய பிறகு கூரையைக் காப்பதிலும் வேண்டும். நம் ஊர்களில் சாவி வாங்கிய மறுநாளே கமிட்டி கலைந்துவிடுகிறது.

கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கு இந்தச் சங்கமும் இல்லை. அவருடைய குடிமனைப் போராட்டம் பழையது. 1971-ல் வந்த குடியிருப்பு அனுபோகதாரர் சட்டத்தால்தான் பண்ணையாரின் மனையில் குடிசை போட்டிருந்தவருக்கு அந்த மனை சொந்தமாயிற்று. பிறகு தொகுப்பு வீடுகள் வந்தன. இன்று அந்த வீடுகளில் எத்தனை எத்தனை கம்பி தெரிய நிற்கின்றன! மழைக்காலத்தில் வீட்டுக்குள் படுக்கப் பயந்து கோயில் மண்டபத்திலும் பள்ளித் திண்ணையிலும் படுக்கிறார்கள். கட்டிய காண்டிராக்டரைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஊராட்சி ஒன்றிய ஆபீசைக் கேட்டால் ‘வீடு உன்னுடையது, நீயே பார்த்துக்கொள்’ என்பார்கள். தினக்கூலியில் தளம் போட முடியுமா? ஊரகப் பகுதிகளில் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதற்கென்று 2024-ல் சர்க்கார் திட்டம் அறிவித்தது. அதில் யார் பெயர் சேர்ந்தது, யார் பெயர் விட்டுப்போனது என்பதை ஊராட்சி வாரியாகப் பார்க்க வேண்டும்.

விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் ஆடி, ஆவணி மாதங்களிலேயே தொகுப்பு வீடுகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, கம்பி தெரிகிற வீடு, சுவர் பிளந்த வீடு, உடனே காலி செய்ய வேண்டிய வீடு என்று பட்டியல் எடுக்கட்டும். மில் பகுதிக் கிளைகள் அதே மாதங்களில் வீட்டுவசதிச் சங்கப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லிக் கையெழுத்து இயக்கத்தை முடிக்கட்டும். அக்டோபர் 2-ம் தேதி கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை அதன் பின்னாலேயே வருகிறது. பட்டியலைச் சபையில் படித்துத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு, அதன் கீழ் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.